தோல் எழுதும் கணக்கு

அழகு என்ன, ரேஷன் கடையில் தர வேண்டிய பொருளா?

இந்தக் கேள்வி 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நிஜமாகவே எழுந்தது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு சிகிச்சை இலவசம் என்று அறிவித்தார்கள். பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், காசு வேண்டாம். இங்கே செய்யாவிட்டால் ஏழைகள் கடன் வாங்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள் என்றார் அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். பணக்காரிக்குக் கிடைக்கிற அழகு ஏழைக்கு ஏன் கூடாது என்று கேட்டார்கள் டாக்டர்கள். உயிர் காக்கும் சிகிச்சைக்கே க்யூ நிற்கிறதே, இது தேவையா என்று கேட்டார்கள் எதிர்த்தவர்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால், நான் பி.காம் படித்தவள். இரண்டு பேரும் 'செலவு யாருடையது' என்ற ஒரே வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஐந்தொகையில் இன்னொரு பக்கம் உண்டு. பொறுப்புகள். அதை யாரும் திறக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் இருக்கும் மிகச் சின்ன அயிட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெச் மார்க்ஸ். நம்ம ஊர் பாஷையில் பிரசவக் கோடு.

தோலின் நடு அடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இழைகள் இருக்கின்றன. ஜாக்கெட் துணியில் நூல் இருக்கிற மாதிரி. மெதுவாக இழுத்தால் தோல் இடம் கொடுக்கும். வேகமாக இழுத்தால் மேலே கிழியாது, உள்ளே விட்டுப்போகும். முதலில் சிவப்பாக, ஊதாவாகத் தெரியும் கோடு, நாளாக ஆக வெளுத்துவிடும். கர்ப்பத்தில் வரும், வயசுக்கு வரும் பருவத்தில் வரும், சட்டென்று எடை கூடினால் வரும், ஸ்டீராய்டு மருந்தாலும் வரும். மார்பகத்துக்குள் சிலிக்கோன் பை வைக்கும்போதும், அபூர்வமாக, வரும். குறிப்பாகப் பிள்ளை பெறாத இளம் பெண்களுக்கு. கிரீம், லேசர் என்று எத்தனையோ இருக்கின்றன. மங்க வைக்கலாம், முழுசாக அழிக்க முடியாது.

'இதனால் உயிரா போய்விடும்?' என்று கேட்பீர்கள். போகாது. அதனால்தான் எச்சரிக்கைப் பட்டியலில் அதற்குக் கடைசி இடம்.

ஆனால், ஒரு நிமிஷம் யோசியுங்கள். குடல்வால் ஆபரேஷன் செய்தால் வயிற்றில் தழும்பு விழும். யாரும் அழுவதில்லை. உயிருக்குக் கொடுத்த விலை அது. அழகுக்காகவே மேஜையில் படுத்தவள் கதை வேறு. கண்ணாடியில் ஒரு குறையைப் பார்த்துத்தான் அவள் வந்தாள். எழுந்து போய்ப் பார்த்தால் அதே கண்ணாடியில் புதுசாக ஒரு குறை. அவளுக்கு அது பக்கவிளைவு இல்லை. வந்த காரியமே கெட்டுப்போனது.

நோய்க்கு வைத்தியம் செய்யும்போது சின்னதாக இருக்கும் ஒன்று, ஆசைக்கு வைத்தியம் செய்யும்போது பெரிதாகிவிடுகிறது. அப்படியானால், தேவை குறையக் குறைய டாக்டர் சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போக வேண்டும், இல்லையா?

நம் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் நோயாளியின் சம்மதம் பற்றி ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. மயக்கத்தில் இருந்த டெல்லிப் பெண் ஒருவருக்கு, அவரைக் கேட்காமல், அம்மாவின் சம்மதத்தோடு கர்ப்பப்பையை எடுத்துவிட்ட வழக்கு. செய்தது தவறு என்றது கோர்ட். கூடவே, எப்போதோ வரக்கூடிய அபூர்வ ஆபத்தையெல்லாம் டாக்டர் விளக்க வேண்டியதில்லை என்றும் சொன்னது. ஏன்? பயந்துபோய், தேவையான சிகிச்சையையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பதால். கவனியுங்கள், 'தேவையான'. அழகு சிகிச்சைக்கு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்பது என் கட்சி. பயந்து எழுந்து போனால் போகட்டுமே! என்ன நஷ்டம்?

சரி, 'தேவை' எது என்று யார் முடிவு செய்வது? இங்கேதான் சிக்கல்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது கூவாகம். சித்திரையில் கூத்தாண்டவர் கோயில் திருவிழா. ஊர் ஊராக வரும் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்வார்கள். மறுநாள் அறுத்துவிட்டு ஒப்பாரி வைப்பார்கள். அங்கே வருபவர்களில் உடம்பை மாற்றிக்கொள்ள வருஷக்கணக்கில் காசு சேர்த்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரிடம் போய் 'மார்பகமெல்லாம் ஆடம்பரம்மா' என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வராது. கண்ணாடியில் தன் முகத்தைத் தானாகப் பார்ப்பது ஆடம்பரம் ஆகாது.

அதே வட்டத்தில்தான் களமருதூரும் இருக்கிறது. அங்கே நடவு முடிந்து கரையேறிய பெண்களோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா சிரித்தார்.

"கோடு இல்லாத வயிறு எங்க ஊர்ல ஏது கண்ணு? நாலு பெத்தேன். நாலுக்கும் தோலு கணக்கு எழுதி வெச்சிருக்கு!"

'ஆஹா, கிராமத்து ஞானம்' என்று நான் நோட்டைத் திறப்பதற்குள், பக்கத்தில் இருந்த மருமகள் மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை சொல்லுவாங்கக்கா. அவங்க காலத்துல ஆம்பளைங்க கையில செல்லு இல்ல. எங்க வீட்டுக்காரரு அதுல பாக்குற பொண்ணுங்களுக்கு ஒரு கோடும் இல்லியே."

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் நோட்டை மூடிவிட்டேன்.

கூவாகத்துத் திருநங்கையும் களமருதூர் மருமகளும் நாளைக்கு ஒரே வார்டில் ஒரே ஆபரேஷனைக் கேட்டு நிற்கலாம். ஒருத்தி கேட்பது தனக்காக. இன்னொருத்தி கேட்பது அடுத்தவர் கையில் இருக்கும் போனுக்காக. ஸ்கேனில் இந்த வித்தியாசம் தெரியாது. உட்கார வைத்துப் பேசினால்தான் தெரியும்.

இந்த ஆபரேஷன் பிறந்த கதையே இதைச் சொல்கிறது. 1962, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். டிம்மி ஜீன் லிண்ட்ஸி என்ற ஏழைத் தாய், மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். புதுசாக சிலிக்கோன் பை கண்டுபிடித்திருந்த டாக்டர்கள், 'வைத்துப் பார்க்கிறீர்களா?' என்று கேட்டார்கள். அவருக்கு மார்பைப் பற்றிக் கவலையே இல்லை. தூக்கிக்கொண்டிருக்கும் காதைத்தான் ஒட்டவைக்க ஆசை. காதையும் சரி செய்கிறோம் என்றார்கள். சம்மதித்தார். உலகத்தின் முதல் சிலிக்கோன் மார்பகத்தை வைத்துக்கொண்டவர் அதைக் கேட்கவே இல்லை. அவர் கேட்டது காது!

சம்மதம் இருந்தது. ஆசை மட்டும் வேறு யாருடையதோ.

இன்னொரு கணக்கும் உண்டு. பி.காம்காரி கேட்கிறேன், தேய்மானம் எங்கே? இந்தப் பை ஆயுசுக்கும் நிற்கும் பொருள் இல்லை. அதை எச்சரிக்கையாக, கட்டம் கட்டி எழுத வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 அக்டோபரில் உத்தரவு போட்டது. பட்டியலை டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டி, பெண்ணிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றது. முதல் ஆபரேஷனை இலவசமாகச் செய்யலாம். பத்து, இருபது வருஷம் கழித்துப் பையை மாற்ற வேண்டியிருந்தால்? நடுவில் கோடு விழுந்தால், லேசருக்கு? அந்த பில்லை யார் தலையில் எழுதுவது? இலவசம் என்று சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான இலவசம்.

ஏழைக்கு அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மேல்மாடியில் நின்றுகொண்டு கீழே பார்த்துச் செய்கிற உபதேசம். பணம் இருக்கிறவள் செய்தால் 'அவள் விருப்பம்', இல்லாதவள் கேட்டால் 'திமிர்' என்பது என்ன நியாயம்? ஸ்டான்லி டாக்டர்கள் கேட்ட கேள்விக்கு என் ஓட்டு உண்டு. அந்தக் கேள்வியோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

உங்கள் வீட்டில் ஒரு பெண் நாளைக்கு இதைக் கேட்டால் கத்தாதீர்கள். கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று விஷயம் கேளுங்கள். இந்த ஆசை எப்போது, யார் சொன்னதில் ஆரம்பித்தது? கோடு விழும், மறுபடி மேஜையில் படுக்க நேரலாம், இதெல்லாம் தெரிந்த பிறகும் வேண்டுமா? உன்னை யாருமே பார்க்காத தீவில் இருந்தாலும் வேண்டுமா?

மூன்றுக்கும் அவள் நிதானமாகப் பதில் சொன்னால், கூடத் துணைக்குப் போங்கள். இரண்டாவது கேள்வியிலேயே அவள் கண் உங்கள் வீட்டு ஆண்பிள்ளை பக்கம் திரும்பினால், சிகிச்சை வேண்டியது அவளுக்கு இல்லை.