கேட்காததைச் சொல்ல வேண்டுமா?

திண்டுக்கல்லில் ஒரு வீட்டு வாசலில் விற்பனைக்கு நிற்கும் பெரிய செடான் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 மாடல், வெள்ளை நிறம், சென்னைப் பதிவு எண். பின் சீட்டில் தாத்தா, பாட்டி, நடுவில் பேரன் என்று மூணு பேர் தாராளமாக உட்காரலாம். ஊரே உயரமான எஸ்யூவி பக்கம் போய்விட்டதால் விலையும் இறங்கியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது இந்த வண்டிக்குள் சீட் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. விற்பவருக்கு அது தெரியும். நீங்கள் கேட்கவில்லை. அவராகச் சொல்ல வேண்டுமா?

“கேட்காம எதுக்குப்பா சொல்லணும்?” என்று நம்மில் பாதிப் பேர் சொல்வோம். நம் சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவு: சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது மோசடி ஆகாது. அதற்கு உதாரணமாக ஒரு குதிரையைக் கொண்டுவருகிறார்கள். குதிரைக்குக் கோளாறு இருப்பது விற்பவருக்குத் தெரியும். அவர் எதுவும் சொல்லாமல் ஏலத்தில் விற்கிறார். மோசடி இல்லை. ஆனால் அதோடு விடவில்லை. வாங்குபவள் விற்பவரின் மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால்? அப்போது சொல்லியாக வேண்டும், உறவே அந்தக் கடமையைக் கொண்டுவருகிறது. அடுத்தது: வாங்குபவர், “நீங்க மறுக்கலைன்னா குதிரை நல்லாயிருக்குன்னு எடுத்துக்குவேன்” என்கிறார். விற்பவர் பேசாமல் நிற்கிறார். இங்கே அந்த மௌனமே பேச்சு. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நல்ல சிறுகதை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்தச் சண்டை குதிரையைவிடப் பழசு. கி.மு. 44இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் இரண்டு ஸ்டோயிக் தத்துவவாதிகள் மோதுகிறார்கள். குறைகள் உள்ள வீடு ஒன்று விற்பனைக்கு வருகிறது. குறைகள் சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும். பாபிலோனின் டயோஜெனிஸ் சொல்கிறார்: மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு, உனக்குக் கேட்டால் நல்லது என்பதற்காக எனக்குத் தெரிந்ததையெல்லாம் நான் உன்னிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் மறுக்கிறார்: மனிதர்கள் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சிசரோ மாணவர் பக்கம்.

எனக்கு டயோஜெனிஸை முழுசாகத் தள்ள மனம் வரவில்லை. டயர் தேய்ந்திருப்பதை விற்பவர் ஏன் சொல்ல வேண்டும்? குனிந்து பார்த்தால் தெரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். மீட்டர் 40,000 கிலோமீட்டர் காட்ட, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பானட் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் முன்பக்கத்தை ஒருமுறையாவது கழற்றியிருக்கிறார்கள். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் காபி மாதிரி இருக்கிறதா என்று பார்க்கலாம். கொடைக்கானல் மலைக்கு வாரம் தவறாமல் ஏறி இறங்கிய வண்டி என்றால் கிளட்சை மிதித்தாலே ஒரு நல்ல மெக்கானிக்கிற்குப் பிடிபட்டுவிடும். இது எல்லாமே குதிரையின் பல்தான். அய்யலூர் சந்தையில் ஆடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், முதுகெலும்பைத் தடவிப் பார்க்கிறார். அவருடைய விரலுக்கும் ஆட்டின் உடம்புக்கும் நடுவில் ரகசியம் குறைவு.

தண்ணீர் புகுந்த வண்டி அப்படி இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பார்க்கலாம், கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார்க்கலாம். ஆனால் பெல்ட்டையும் கார்ப்பெட்டையும் மாற்றிவிட்டால்? இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடாமல் கைக்காசில் சரிசெய்திருந்தால் அங்கேயும் எந்தப் பதிவும் இருக்காது. ஏர்பேக்கை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி பெரும்பாலான கார்களில் முன் சீட்டுகளுக்கு நடுவே, தரையை ஒட்டி இருக்கிறது. தண்ணீர் முதலில் தொடும் இடம் அது. ஒரு வருஷம் எல்லாம் ஒழுங்காக ஓடலாம். உள்ளே துரு மெல்ல வேலை செய்யும். வேடசந்தூர் தாண்டி நான்குவழிச் சாலையில் நூறில் போகும்போது ஏர்பேக் விரிய வேண்டிய அந்த நொடியில்தான் அது செத்துவிட்டது தெரியவரும். பின் சீட்டில் பாட்டி இருக்கிறாள்.

ஆக, 1872இன் குதிரையை வைத்து இந்தக் காரை நியாயப்படுத்த முடியாது. அந்தச் சட்டம் வந்து பத்து வருஷத்தில் வந்த சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, நிலமோ வீடோ விற்பவர் மேல் வேறு கடமையை வைக்கிறது: தனக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, அவர் சாதாரணக் கவனத்தோடு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு இது டயோஜெனிஸுக்கும் ஆன்டிபேட்டருக்கும் நடுவில் போட்ட சரியான கோடாகத் தெரிகிறது. தேய்ந்த டயரைப் பற்றிப் பேசாமல் இருக்கலாம், தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கூடாது. வில்லங்கம் வீட்டில் இருந்தால் சொல்லணும், பாட்டி உட்காரும் சீட்டுக்கு முன்னால் இருந்தால் வேண்டாம் என்பது என்ன கணக்கு?

சொல்லாததன் விலையைப் பொருளாதாரம் கணக்குப் போட்டிருக்கிறது. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை அவருக்கு 2001இல் நோபல் பரிசைக் கொண்டுவந்தது. மோசமான காருக்கு அமெரிக்கப் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்று பெயர். (நாம் புதுக் காரை எடுத்தவுடன் டயருக்கு அடியில் வைத்து நசுக்குவது, அது வேற எலுமிச்சை.) எது நல்ல வண்டி என்று தெரியாதபோது வாங்குபவர் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் எலுமிச்சைதான் மிஞ்சும். இதே கட்டுரையில் இந்தியாவும் வருகிறது: அரிசியில் அதே நிறத்தில், அதே வடிவத்தில் வேண்டுமென்றே கலந்த கல்லை நம் பெண்கள் பொறுக்கி எடுப்பதைச் சொல்கிறார். முறமும் ஸ்கேனரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் இது பூட்டு ஊர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை வாங்குகிற யாரும், செய்தவர் இன்னொரு சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாரா என்று சோதிக்க முடியாது. எல்லாவற்றையும் சோதித்துத்தான் வாங்குவேன் என்றால் பூட்டே வாங்க முடியாது.

இங்கே நம் ஆட்கள் ஒரு அருமையான காரியம் செய்கிறார்கள், அதன் மதிப்பு தெரியாமலே. எல்லாம் பார்த்து முடித்து, விலை பேசி, அட்வான்ஸ் எடுக்கும் முன்னால், “அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சு வேற ஒண்ணும் இல்லீல்ல?” என்று கேட்பார்கள். அதில் இரண்டு காரியம் நடக்கிறது. ‘அண்ணே’ என்ற சொல் கேட்டவரை ஒரு நொடிக்கு உறவாக்குகிறது, குதிரைக்காரரின் மகள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்க வைக்கிறது. ‘ஒண்ணும் இல்லீல்ல’ என்பது சட்டத்தின் மூன்றாவது உதாரணமேதான். இனி அவர் பேசாமல் நின்றால் அது மௌனம் இல்லை.

பொய் சொல்லிவிட்டால்? சொல்லலாம். ஆனால் சும்மா இருப்பது சுலபம். கண்ணைப் பார்த்து “இல்ல தம்பி” என்று சொல்வதற்கு வேறு ஒரு மனசு வேண்டும், அது எல்லாரிடமும் இருப்பதில்லை. பொய் சொன்னால் ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கேட்கவும் வழி உண்டு. அதனால் அதே கேள்வியை வாட்ஸப்பிலும் ஒருமுறை அனுப்பி வைப்பது நல்லது. உறவுக்குள் எழுத்து எதுக்கு என்று அண்ணன் கோபித்துக்கொண்டால், அதுவும் ஒரு தகவல்.

இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் நடுவில் ஆள் போடுகிறார்கள். சென்னைக்காரர் புரோக்கரிடம் எதையும் சொல்வதில்லை, புரோக்கரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. நீங்கள் கேட்டால், “எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமில்ல சார்” என்பார். உண்மை, அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவரிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கப்பட்டவருக்கு எதுவும் தெரியவில்லை. பொய்யே இல்லாமல் ஒரு வண்டி கைமாறிவிடுகிறது. ஆன்லைனில் இருநூறு அம்சங்களைச் சோதித்ததாக வரும் அறிக்கையிலும் இந்த வசதி இருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் அந்தச் சென்னைக்காரரின் பெயர் இருக்கும். அவரைக் கூப்பிட்டு, “சார், திண்டுக்கல்லருந்து பேசறேன், உங்க வண்டியத்தான் வாங்கப்போறேன்” என்று ஆரம்பித்தால், அந்தப் பக்கம் வரும் இடைவெளி எவ்வளவு நீளம் என்று தெரிந்துவிடும்.