மாதொருபாகனும் மூன்று மின்சாரமும்

திருச்செங்கோட்டு மலைமேல், சிவன் பாதி உமை பாதியாய் நிற்கும் மூலவர் மாதொருபாகனுக்கு வலப்பக்கம் வேட்டியும் இடப்பக்கம் சேலையும் உடுத்துகிறார்கள். சம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூர் என்று பாடிய தலம் அது. தீபாராதனை காட்டும் நேரத்தில் இரண்டு பாதிகளும் தனித்தனியாகவே தெரிகின்றன. ஆனால் நிற்பது ஓர் உருவம். இருவர் ஒருவரானால் அந்த இருவரும் எங்கே போனார்கள்?

சைவம் இந்தக் கேள்வியோடு நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறது. அத்துவிதம் என்ற சொல்லுக்கு 'ஒன்று' என்று பொருள் சொன்னவர்கள் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களைத் தந்த மெய்கண்டார் மரபு அதை ஏற்கவில்லை. பொருள்கள் இரண்டுதான், ஆனால் பிரிக்க முடியாதபடி நிற்கின்றன, அதுவே அத்துவிதம் என்றது. ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்பது என்று அதை மூன்றாக விரித்தார்கள்.

இதே கேள்வி மின்சாரத்திலும் எழுகிறது. மலையிலிருந்து கிழக்கே ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் போனால் ஜவ்வரிசி ஆலைகள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவைப் பிரித்தபின் மிஞ்சும் புளித்த கழிவுநீரின் நாற்றத்தை அந்த ஊர்க்காரர்களிடம் விவரிக்கத் தேவையில்லை. அந்த நீரைக் காற்றுப் புகாமல் மூடிவைத்தால் அதிலிருந்தே எரிவாயு கிளம்பும். அந்த வாயுவால் எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுக்கும் ஆலைகள் இங்கே உண்டு. புதுச்சத்திரத்தில் கோழி எருவிலிருந்தும் வாயு எடுக்கிறார்கள். மாட்டுச் சாணம் எரிந்தால் திருநீறு என்று நெற்றியில் பூசுகிற நாட்டில், கழிவு நெருப்பாவதில் வியப்பில்லை. ஆலைக் களத்தில் ஈர ஜவ்வரிசியைக் காயவைக்கும் வெயிலோ கூலி கேட்காத பழைய வேலையாள். கூரையில் சோலார் தகடுகளைப் போட்டு, ஒரு பேட்டரியையும் சேர்த்தால் மூன்றும் ஒரே கம்பியில் வந்து நிற்கும்.

நிற்குமா? அங்கேதான் சிக்கல். சோலார் மேகத்துக்குக் கட்டுப்பட்டது; மாலை ஆறரைக்குக் கைவிட்டுவிடும். எஞ்சின் இரவிலும் ஓடும், ஆனால் சூடேறிச் சுமை தாங்கச் சில நிமிடம் வேண்டும். மிகக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் கெட்டுப்போகும். பேட்டரி கண்ணிமைக்கும் நேரத்தில் கைகொடுக்கும், ஆனால் தானாக எதையும் விளைவிக்காது. இயல்பால் மூன்றும் மூன்று. வோல்டேஜும், நொடிக்கு 50 சுழற்சி என்ற தாளமும், அலையின் ஏற்ற இறக்கமும் பொருந்தினால்தான் இணைப்புச் சுவிட்சைப் போடலாம். எலக்ட்ரீஷியன்கள் இதை சிங்க்ரனைஸ் பண்ணுவது என்பார்கள். பொருந்தாமல் போட்டால் ஜெனரேட்டரின் தண்டே முறியக்கூடும்.

தாளம் பொருந்தி இணைந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. 2019 அக்டோபர் 13, ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். ஊரில் கூரைதோறும் சோலார், கேஸ் எஞ்சின்கள், பெரிய பேட்டரி எல்லாம் இருந்தன. ஒரு மேகம் வந்தது. சோலார் சரிந்தது, எஞ்சின்கள் சுமை தாங்காமல் நின்றன, பேட்டரியாலும் காக்க முடியவில்லை. ஊர் முழுக்கப் பல மணி நேரம் இருட்டு. ஒரே கம்பியில் மூன்றும் ஒன்றாய் இருந்தன, இயல்பால் வேறாய் இருந்தன, உடனாய் இல்லை.

இந்த 'உடன்' என்ற சொல்தான் முக்கியம். 14-ஆம் நூற்றாண்டு உமாபதி சிவம் சிவப்பிரகாசத்தில் மூன்று உவமைகள் காட்டுகிறார்: ஒன்றாதலுக்கு உடலும் உயிரும், வேறாதலுக்குக் கண்ணும் சூரியனும், உடனாதலுக்குக் கண்ணின் ஒளியும் உயிரின் அறிவும். கண் திறந்திருந்தாலும் மனம் வேறெங்கோ இருந்தால் எதிரே வருபவர் தெரிவதில்லை. அறிவு கூடவே நின்றால்தான் காட்சி. ஆலையில் அந்த இடம் கட்டுப்பாட்டுக் கருவிக்கு: மேகம் வருமுன் எஞ்சினை எழுப்பு, அதுவரை பேட்டரியே தாங்கு என்று சொல்வது அதன் வேலை.

உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது, மறைப்பதற்கில்லை. சைவ சித்தாந்தத்தில் இறைவன் மூன்று கூட்டாளிகளில் ஒருவன் அல்லன். உயிர் அவனைச் சார்ந்தே நிற்பது. எந்திரங்களுக்குள் அப்படியொரு சார்பு இல்லை. ஆனால் மலைமேல் எழுந்த கேள்விக்கு, இருவரும் எங்கும் போகவில்லை என்ற மெய்கண்டார் மரபின் பதிலே சரியானது. கூடுவதற்கு எவரும் கரைய வேண்டியதில்லை. அடுத்த முறை செங்கோட்டு மலையேறுபவர்கள், வேட்டியும் சேலையும் சந்திக்கும் அந்த நடுக்கோட்டைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும்.