கடவுச்சொல்லும் கடப்பாடும்

ஒருவருடைய மின்னஞ்சற் கணக்கின் கடவுச்சொல்லை அறிந்திருப்பவருக்கு, அக்கணக்கிலுள்ள கடிதங்களைப் படிக்கும் உரிமையும் உண்டா? எடுத்த எடுப்பில் இவ்வினாவிற்கு விடை வெளிப்படையானதாகவே தோன்றும். அயலவர் வீட்டுத் திறப்பு நம்மிடம் இருப்பதனால் அவ்வீட்டுப் பொருள் நமதாகிவிடுவதில்லை. எனினும் வினா அத்துணை எளிதன்று. நமது வீடுகளிலே முதியோர் பலருடைய கணக்குகளை ஆரம்பித்தவர்களும், அவற்றுக்குரிய கடவுச்சொல்லைத் தெரிவு செய்தவர்களும், அவற்றினுள் அடிக்கடி நுழைபவர்களும் பிள்ளைகளே. கணக்கிலே பெயர் மட்டும் தந்தையினுடையது அல்லது தாயினுடையது. உரியவருக்குத் தம் பெட்டியைத் தாமே திறக்கத் தெரியாது. திறக்கத் தெரிந்தவருக்கோ அதில் உரிமை இல்லை. இந்நிலையில் ஒழுக்கவியல் கூறத்தக்கது யாது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து எழுந்ததன்று. எனது தந்தையார் தபாற் சேவையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வங்கி அறிவித்தல்களுக்கும் வேறு சில அலுவல்களுக்கும் மின்னஞ்சல் முகவரி வேண்டும் எனக் கேட்கப்பட்டபோது நானே அவருக்கொரு கணக்கைத் திறந்தேன். கடவுச்சொல்லும் நான் வைத்ததே. அப்பியாசக் கொப்பியொன்றின் பின்னட்டையில் எனது கையெழுத்தில் அதனை எழுதிக் கொடுத்தேன். சென்ற விடுமுறையில் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, "உதுக்குள்ளை எல்லாம் குவிஞ்சு போய்க் கிடக்கு, ஒருக்கா ஒழுங்குபடுத்தி விடு தம்பி" என்றார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் இருந்தன. விளம்பரங்களை நீக்கி, வங்கியிலிருந்து வந்தவற்றை ஒரு கோப்புறையிலும் மின்சாரப் பட்டியல்களை மற்றொன்றிலும் இட்டுக்கொண்டு வருகையில், கனடாவிலுள்ள எனது சித்தப்பாவின் கடிதமொன்று இன்னும் திறக்கப்படாமல் தடித்த எழுத்தில் கிடந்தது. அவர் பல்லாண்டுகளாக எங்கள் வீட்டுடன் பேச்சற்றிருந்தவர். கடிதத்தின் முதல் வரி, திறவாமலே, பட்டியலிற் தெரிந்தது: "அண்ணை, இதைப் பிள்ளையளுக்குச் சொல்ல வேண்டாம்."

நான் திறந்தேன். முழுவதையும் படித்தேன். பின்னர் அதனை 'வாசிக்கப்படாதது' எனக் குறித்து, பழையபடி தடித்த எழுத்துக்கு மாற்றிவிட்டு, எழுந்து சென்று தேநீர் குடித்தேன். கடிதத்தில் எழுதப்பட்டிருந்தது யாது என்பதை ஈண்டு கூறுதல் அக்குற்றத்தை இரண்டாம் முறை செய்வதாகும். வாசகர் பொறுத்தருள்க.

கடவுச்சொல் தோன்றிய வரலாறு இவ்விடத்து நோக்கற்பாலது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறைமையொன்று பேர்னாண்டோ கோர்பாட்டோ என்பாரின் தலைமையில் உருவாக்கப்பட்டது. ஒருவருடைய கோப்புகளை மற்றவருடையவற்றிலிருந்து வேறுபிரித்து வைத்தற்காக ஒவ்வொருவருக்கும் ஓர் இரகசியச் சொல் ஏற்படுத்தப்பட்டது. 1962 இல் அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஆய்வுக்குப் போதாமையால், கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பினை அச்சிடுவித்துப் பிறர் பெயரிலே உள்நுழைந்தார். 1966 இல் வழுவொன்றினால் அக்கோப்பு முழுவதும், அன்று உள்நுழைந்தோர் அனைவருக்கும் தானாகவே காட்டப்பட்டது. ஆகவே கடவுச்சொல்லுக்கும் கடவுச்சொற் களவுக்கும் ஏறத்தாழ ஒரே வயது எனலாம். (பசியினாற் திருடுபவனுக்கு நாம் இரங்குவது போல, நேரமின்மையாற் திருடிய மாணவர்மீது பல்கலைக்கழகத்தார் நமக்குச் சற்று இரக்கம் தோன்றுதல் இயல்பே.)

இவ்வரலாற்றினால் ஓர் உண்மை புலனாகின்றது. வாசலில் நிற்கும் இயந்திரம் "நீ யார்?" எனக் கேட்பது போலத் தோன்றினும், அதனாற் சோதிக்க முடிவது "உனக்கு இச்சொல் தெரியுமா?" என்பதை மட்டுமே. அறிவை ஆளாகக் கொள்ளும் இம்மயக்கம் இன்றுவரை நீங்கவில்லை. தந்தையாரின் கடவுச்சொல்லை நான் இட்டவேளை அவ்வியந்திரத்தைப் பொறுத்தவரையில் நான் அவரே ஆகிவிட்டேன். திரையின் மூலையில் அவருடைய பெயரின் முதலெழுத்தே தோன்றிற்று. அவர் இசைவு தந்திருந்தமையால் அதனைப் பொய் எனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் அவர் தந்த இசைவின் எல்லை எவ்விடத்தில் முடிகிறது என்பது அவ்வியந்திரத்துக்குத் தெரியாது. இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அதிகாரமின்றி உட்புகுதலைக் குற்றமாக்குகின்றது. உட்புகுவதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது. ஒழுங்குபடுத்தும்படி அவரே கேட்டார். ஒழுங்குபடுத்துதல் என்ற சொல்லினுள் எவையெல்லாம் அடங்கும் என்பதிலேதான் சிக்கல் உள்ளது.

தபாற் கந்தோரிலும் கடிதங்களை ஒழுங்குபடுத்துவார்கள். அங்கு ஊழியர் படிப்பது உறையின் மேலுள்ள முகவரியை மாத்திரமே. எந்த ஊர், எந்த வீதி என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டியதில்லை. கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால் அவர் வேலை ஒரு சிறிதும் இலகுவாகாது. மின்னஞ்சற் பெட்டியை ஒழுங்குபடுத்துபவர் நிலை வேறு. இது வைத்திருக்கத்தக்கதா, நீக்கத்தக்கதா, எந்தக் கோப்புறைக்குரியது என்றெல்லாம் தீர்மானிக்க உள்ளடக்கத்தை ஓரளவேனும் நோக்க வேண்டியுள்ளது. அன்றியும், உறை என்று சொல்லத்தக்கது ஈண்டு எதுவுமில்லை. அனுப்பியவர் பெயருக்கு அருகிலேயே கடிதத்தின் முதற் சில சொற்களும் காட்டப்படுகின்றன. சித்தப்பாவின் முதல் வரியை நான் படிக்கவில்லை, அது என் கண்ணிற் பட்டது என்று வாதிடலாம். அவ்வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அவ்வரியே எனக்கு இடப்பட்ட தடையாகவும் இருந்தது. தடையைக் கண்ணுற்ற பின்னரே கடிதத்தைத் திறந்தேன் என்பதால், தற்செயல் என்னும் சாட்டு அடுத்த கணமே பயனற்றுப் போயிற்று.

இவ்விடத்து வலிமை வாய்ந்த ஆட்சேபமொன்று உண்டு. தனிமனிதனின் அந்தரங்கம் என்பதே மேலைத்தேயத்துக் கருத்து. நமது குடும்பங்களில் கடிதம் என்றுமே ஒருவருடைய உடைமையாய் இருந்ததில்லை என்பர். நீலநிற வான்கடிதம் வந்தால் முற்றத்தில் அனைவரும் கூடியிருக்க ஒருவர் உரத்து வாசித்தமை நமது மூத்த தலைமுறையினர் அறிந்ததே. எழுத்தறியாத முதியவர்களுக்குத் தபாற்காரரே வாசித்துக் காட்டுவதும் வழக்கமாயிருந்தது. எனது தந்தையாரும் சேவையின் தொடக்கத்தில் அவ்வாறு வாசித்தவரே. கடிதத்தைப் பிரிக்கும் முன் "வாசிக்கட்டோ, ஆச்சி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாராம்; பத்து ஆண்டுகளாக அவரே வாசித்து வந்த ஆச்சியிடமும் கேட்பாராம். இவ்வழக்கத்தை அந்தரங்கம் இன்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. கடிதம் முற்றத்தில் வாசிக்கப்படும் என்பதை எழுதியவர் அறிந்தே எழுதினார். அதற்கேற்பவே அவர் சொற்களும் அமைந்தன. எல்லோருக்கும் சுகம் விசாரித்தார், எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தார். பிறர் அறியக்கூடாததை ஊருக்குப் போகும் ஒருவர் கையிற் தனியே கொடுத்தனுப்பினார். ஆக, அம்முற்றத்திலும் அந்தரங்கம் இருந்தது. அதற்குரிய பாதை வேறாய் இருந்தது. சித்தப்பாவும் தாம் தெரிந்த தனிப்பாதை என நம்பியே மின்னஞ்சலில் எழுதினார். அப்பாதையின் மறுமுனையில் நான் அமர்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

'வாசிக்கப்படாதது' என மீளக் குறிக்கும் வசதியைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் தகும். பின்னர் கவனிக்க வேண்டியதை மறவாதிருத்தற்கு அது பெரிதும் பயன்படும் என்பது உண்மையே. ஆயினும் பழைய கடிதத்துக்கு இத்தகைய வசதி இருந்ததில்லை. கிழிந்த உறை கிழிந்ததே. ஆவியில் காட்டிப் பசையை இளக்கித் திறந்தவர்கூட ஏதோவொரு சுருக்கத்தை விட்டே சென்றார். பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் நூலில் கிளாக்கன் என்பான் கைஜிஸ் மோதிரக் கதையைக் கூறுகின்றான். அணிந்தவனைக் காணாமற் செய்யும் மோதிரம் நீதிமான் ஒருவனுக்கும் அநீதிமான் ஒருவனுக்கும் கிடைக்குமாயின் இருவரும் ஒரே வழியிற் செல்வர் என்பது அவனது வாதம். தத்துவ வகுப்பில் அக்கதையைப் படித்த நாளில், இடையனொருவன் அரசனைக் கொன்று ஆட்சியைக் கவர்ந்த அப்பெருங் குற்றங்கள் நமக்கு எட்டாதவை என எண்ணினேன். ஆட்சியைக் கவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஒரு வரியைத் தடித்த எழுத்துக்கு மாற்றும் வாய்ப்புக் கிட்டியது, அதனை நான் விட்டுவிடவில்லை. கான்ற் கூறும் முறையில் எனது செயலின் நெறியை அனைவர்க்கும் பொதுவாக்கிப் பார்த்தால், 'தடயம் எஞ்சாதவிடத்துப் பிறர் கடிதத்தைப் படிக்கலாம்' என்றாகும். அந்நெறி பொதுவாகுமிடத்து நம்பிக் கடிதம் எழுதுவார் எவரும் இரார். படிப்பதற்கும் எதுவும் இராது. வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் எண்ணத்தளவில் நிகழும் களவையும் தீதென்றே கொள்கின்றார் என்பதும் அப்பொழுதே எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருத்தல் போதவில்லை.

பயன்வழிவாதிகள் மற்றொரு கோணத்தில் வினவக்கூடும்: தந்தையின் கவலையை மகன் அறிந்துகொண்டமையால் நன்மை விளையுமாயின் அதிற் குற்றம் என்ன? இதற்கு அனுபவமே எனக்கு விடை தந்தது. தந்தையார் மறுநாள் அக்கடிதத்தைப் படித்தார். அதன் பின் மூன்று கிழமைகள் அவர் வழமைக்கு மாறாக மௌனமாயிருந்தார். காரணம் எனக்குத் தெரியும். தெரியும் எனக் காட்டிக்கொள்ள வழியில்லை. கடிதத்தை நான் படியாதிருந்தால், "ஏனப்பா ஒரு மாதிரி இருக்கிறியள்?" என்று நேர்மையாகக் கேட்டிருப்பேன்; அவரும் ஒருவேளை ஏதேனும் சொல்லியிருப்பார். படித்துவிட்டபடியால் அவ்வினாவைக் கேட்பதே நடிப்பாகியது. களவாகப் பெற்ற அறிவைக் கொண்டு அவருக்கு ஆறுதலாக ஒரு சொல்லும் கூற இயலவில்லை.

அனுப்பியவரின் உரிமையைச் சட்டங்கள் எவ்வாறு நோக்கின என்பதும் அறியத்தக்கது. 1741 இல் இங்கிலாந்திலே கவிஞர் அலெக்சாந்தர் போப், தமது கடிதங்களை அனுமதியின்றி அச்சிட்ட எட்மண்ட் கேர்ள் என்னும் வெளியீட்டாளர் மீது வழக்குத் தொடுத்தார். கடிதம் எழுதப்பட்ட தாள் பெற்றவருக்கு உரியது, அதிலுள்ள எழுத்தை உலகுக்கு வெளியிடும் உரிமையோ எழுதியவரிடமே எஞ்சுகிறது என்பது அதிற் தெளிவாக்கப்பட்டது. தாளே இல்லாத இக்காலத்திற் பெற்றவருக்கு எஞ்சுவது யாது? 2012 இல் பேர்லினில் பதினைந்து வயதுச் சிறுமியொருத்தி நிலக்கீழ்ப் புகையிரதத்தில் மோதுண்டு இறந்தாள். நிகழ்ந்தது விபத்தா, தற்கொலையா என அறிய அவளுடைய முகநூல் உரையாடல்களைப் பார்க்கப் பெற்றோர் விரும்பினர். கடவுச்சொல் அவர்களிடம் இருந்தது. எனினும் கணக்கு நினைவுக் கணக்காக மாற்றப்பட்டமையால் உள்நுழைய முடியவில்லை. 2017 இல் பேர்லின் மேன்முறையீட்டு நீதிமன்றம், அவளோடு உரையாடிய ஏனையோரின் தொடர்பாடல் இரகசியத்தைக் காரணங் காட்டிப் பெற்றோரின் கோரிக்கையை மறுத்தது. 2018 யூலை 12 இல் ஜேர்மனியின் சமஷ்டி நீதிமன்றம் அதனை மாற்றி, கடிதங்களும் நாட்குறிப்புகளும் போலவே இதுவும் உரித்தாளரைச் சேரும் எனத் தீர்ப்பளித்தது. செய்தியை அனுப்பியவர் அது பின்னர் எவர் கைக்குச் செல்லும் என்பதைக் கட்டுப்படுத்த முடியாது என்பது அத்தீர்ப்பின் நியாயங்களுள் ஒன்று.

அப்பெற்றோரின் பக்கமே எனது மனம் சாய்கின்றது. ஆயினும் அத்தீர்ப்பை எனக்குத் துணையாகக் கொள்ள முடியாது. அவர்கள் அனுமதி கேட்பதற்கு மகள் உயிரோடில்லை. எனது தந்தையார் பத்தடி தொலைவில் விறாந்தையில் இருந்தார்.

நீக்குதலைப் பற்றியும் ஒரு சொல். விளம்பரங்களோடு, தந்தையாருடன் பணியாற்றிய நண்பரொருவர் அனுப்பிய பண்டிகை வாழ்த்து அட்டைகள் பதினொன்றையும் குப்பையெனக் கருதி நீக்கியிருந்தேன். படித்த குற்றத்திலும் இது சிறியதென்று நினைத்தேன். அவர் அவ்வாறு நினைக்கவில்லை. நீக்கப்பட்டவை முப்பது நாள்வரை குப்பைக்கூடையில் இருக்கும் என்பதால் அவற்றை மீட்க முடிந்தது.

மீட்கும்போதுதான் மற்றதையும் அவரிடம் கூறினேன். நெடுநேரம் அவர் எதுவும் பேசவில்லை. பின்னர், "கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு அவரே சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னார். அம்முதல் வரியை இவ்விடத்து எழுதுவதற்கு இருவருமே பின்னர் இசைவு தந்தனர். அடுத்த நாட் காலை கடவுச்சொல்லை மாற்றும் முறையைக் கற்றுத்தருமாறு கேட்டார். நான் மறுபுறம் திரும்பி நிற்க, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். இருமுறை பிழைத்து, மூன்றாம் முறை சரிவந்தது. கொப்பியின் பின்னட்டையைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என அவர் எழ முற்பட்டபோது, கடவுச்சொல்லை மறந்தவருக்கு உறுதிப்படுத்தும் இலக்கம் அனுப்பப்படுவது இன்னும் எனது தொலைபேசிக்கே என்பதை அவருக்குச் சொன்னேன். மீண்டும் கதிரையில் அமர்ந்து, "அப்ப அதையும் மாத்து" என்றார்.