மணல் படியும்வரை

மீன் தொட்டிக்கு மணல் போடுவதில் முதல் வேலை கழுவுவது. பக்கெட்டில் கால் பங்கு மணல், மேலே குழாய்த் தண்ணீர், உள்ளே கையை விட்டுக் கிளற வேண்டும். தண்ணீர் செம்மண் நிறமாகிவிடும். அதை வாழைக்கு ஊற்றிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். கிளறும்போதும் உள்ளே கை தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்தால் போதும். சோப்புத் தூள் மட்டும் கூடவே கூடாது.

கழுவக் கழுவத் தங்குவது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம். மலைப் பாறையில் அதோடு இருந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து களிமண்ணாகிப் போய்விடுகிறது. குவார்ட்ஸ் அவ்வளவு எளிதில் சிதையாது. உடைந்து, உருண்டு, முனை மழுங்கிப் பருக்கையாகிறது. உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் இந்தப் பருக்கைகள் ஒரு மலையின் மிச்சம். பக்கெட்டின் முன் உட்கார்ந்திருக்கும் நேரத்தை வீண் என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

*

இரண்டடித் தொட்டிக்கு அடிப்பரப்பு 60 செ.மீ.க்கு 30 செ.மீ. நான்கு செ.மீ. உயரத்துக்குப் போட்டால் ஏழு லிட்டர் சொச்சம். ஒரு லிட்டர் காய்ந்த மணல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ என்பதால் 11 கிலோ போதும். பருக்கை அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது. அதைவிடப் பொடியானால் இறுகிவிடும். ஒரு சிட்டிகை மணலில் வினிகர் விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. ஈரோட்டில் பல இடங்களில் போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பும் கடினமுமாக இருக்கிறது. அதில் சுண்ணாம்பையும் சேர்ப்பது மீனுக்கு நல்லதல்ல.

கட்டடங்களுக்கு இப்போது எங்கும் வாங்குவது எம்-சாண்ட். கருங்கல்லை உடைத்து அரைத்தது அது. அதன் கூரான ஓரங்கள் சிமெண்டைப் பிடித்துக்கொள்ள உதவும். மீசையால் தரையைத் தடவி இரை தேடும் மீனை அதே கூர் புண்ணாக்கும்.

*

மணலின் அருமை தெரிந்தது அயிரை. விரல் நீளம்கூட வராத மீன். நம் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் மணலடியில் வாழ்வது. வாய் நிறைய மணலை எடுத்து, இரையை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதியைச் செவுள் வழியே சிந்திவிடும். பயந்தால் தலை முதல் வால் வரை மணலுக்குள் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளும்.

வெறும் கண்ணாடித் தரையிலோ பெரிய கலர் கற்களிலோ அயிரையை விட்டால் அது மூலையில் ஒண்டிக்கொள்ளும். மணல் போட்ட தொட்டியில் அதே மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறொரு உயிர்போலத் தெரிகிறது. புதைகிறது, எழுகிறது, சலிக்கிறது. ஓர் உயிருக்கு அதன் தரையைத் திருப்பிக் கொடுத்தால் அதன் பழக்கங்களும் திரும்பி வருகின்றன. மீன் வளர்ப்பதில் எனக்கு இதைவிடப் பெரிய நிறைவு கிடைத்ததில்லை.

*

மீன் இருக்கும் தொட்டியில் மணல் போடுவதற்காகப் பழைய கற்களை ஒரே நாளில் மொத்தமாக அள்ளி வெளியே போட்டுவிடக் கூடாது. அந்தக் கற்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் குடியிருக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்குகிறது. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது அவ்வளவு கெடுதல் செய்யாது. இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. புதுத் தொட்டியில் அந்தக் கூட்டம் வேர்கொள்ளப் பல வாரங்கள் ஆகும்.

ஆகவே கற்களைப் பாதி எடுத்து, சில வாரம் பொறுத்து, மீதியை எடுக்க வேண்டும். ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஒரு பிவிசி குழாயைத் தரைவரை இறக்கி, அதன் வழியே ஈர மணலை மெல்ல விட வேண்டும். தண்ணீர் ஓரளவு கலங்கத்தான் செய்யும். அதைக் கையால் சரிசெய்ய வழியில்லை. மணல் தன் எடையில் தானே இறங்கி, தன் இடத்தில் தானே படியும். தெளிந்த பிறகு ஃபில்டரைப் போட்டால் போதும்.

*

1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா வந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்பே ஆற்றுத் தண்ணீரை அந்த நகரம் வடிகட்டாமல் குடித்துவந்தது. ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு அதே ஆற்றில் கீழே தண்ணீர் எடுத்தது. ஆனால் மணல் படுகைகளின் வழியே மெதுவாக இறக்கிக் குடித்தது. அங்கே கொள்ளைநோய் அந்த அளவுக்குப் பரவவில்லை. காப்பாற்றியது மணலும், அதன் மேற்பரப்பில் வளர்ந்த உயிருள்ள மெல்லிய படலமும்.

அந்தப் படலத்துக்கு உறவான ஒன்று வீட்டுத் தொட்டியின் மணலிலும் உண்டு. மேல் அடுக்கில் மூச்சுக் காற்று கிடைக்கும். மிக ஆழமாகப் போட்டால் அடியில் காற்று அற்றுப்போய், கழிவு தேங்கி, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். ஆகவே நான்கைந்து செ.மீ.க்கு மேல் ஆசைப்பட வேண்டாம். அவ்வப்போது ஒரு குச்சியால் லேசாகக் கிளறிவிட வேண்டும்.

*

மாலையில் ஈரோடு கருங்கல்பாளையத்தில் காவிரிக் கரையில் நின்றால் மணலின் நினைவு வருகிறது. மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. மேலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு கதவணைகள் வந்தன. போன மணலுக்கு ஈடாகப் புது மணல் வருவது குறைந்துவிட்ட ஆற்றிலிருந்துதான் லாரி லாரியாக அள்ளினார்கள். தமிழ்நாட்டில் ஆற்று மணல் குவாரிகளை 2003-இல் அரசே எடுத்துக்கொண்ட பின்னும் மணல் போகிற கவலை தீரவில்லை. உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் கணக்குச் சொன்னது. மணல் போனால் ஆற்றின் தரை தாழும், கரையோரக் கிணறுகளில் தண்ணீர் இறங்கும்.

கீழ்பவானி வாய்க்காலுக்கு கான்கிரீட் தளம் போடும் திட்டம் வந்தபோது ஈரோடு மாவட்டத்து விவசாயிகளில் ஒரு பகுதியினர் எதிர்த்துப் போராடினார்கள். மண் வாய்க்காலின் கசிவில்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன என்பது அவர்களின் வாதம். கடைமடைக்குத் தண்ணீர் சேர வேண்டும் என்று ஆதரித்த விவசாயிகளும் இருந்தார்கள். இரண்டும் நியாயமான கவலைகள். ஆனால் தண்ணீருக்கு அடியில் மண் இருப்பதும் சிமெண்ட் இருப்பதும் ஒன்றல்ல என்பதை ஒரு மீன் தொட்டிகூடக் காட்டிவிடும்.

*

பதினோரு கிலோ ஆற்று மணல் எடுத்தால் காவிரி என்ன குறைந்தா போய்விடும் என்று கேட்கலாம். எடையால் ஒன்றும் குறையாது. ஆனால் ஆற்றின் மேலுள்ள அன்பால் தொட்டி வைத்துவிட்டு, அதற்காக அந்த ஆற்றிலேயே கை வைப்பது எனக்கு ஒப்பவில்லை. தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்கும், சலித்துத் தரம் பிரித்த மணல் மூட்டையாகவே கிடைக்கிறது. முனை மழுங்கியதாகப் பார்த்து ஒரே ஒரு மூட்டை வாங்கினால் போதும். மணல் தேயாது, கெடாது. தொட்டியை மாற்றினாலும் கழுவித் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். வீடு கட்டி மிஞ்சிய பழைய ஆற்று மணல் யார் வீட்டு மூலையிலாவது கிடந்தால் இன்னும் நல்லது. சலித்து, நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடியில் வாழும் மீன்களுக்கு மணல் போடுங்கள். பொறுமையாகப் போடுங்கள். அந்த மணலை ஆற்றிலிருந்து அள்ளாதீர்கள்.