கட்டிகளால் எழும் நகரம்

புதிய பூங்காவுக்கோ சாலைக்கோ திட்டம் தீட்டப்படும்போது, அதன் வரைபடத்தை மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்பது வழக்கம். அளவுகோலும் குறியீடுகளும் நிறைந்த அந்தத் தாளைப் படிக்கப் பயிற்சி வேண்டும். அது இல்லாதவர், தம் தெருவை அங்குலம் அங்குலமாக அறிந்திருந்தும், கூட்டத்தில் வாய் திறவாமல் திரும்புகிறார். கணினி விளையாட்டு முதலில் நீக்குவது இந்தத் தடையைத்தான்.

ஐ.நா.வின் யு.என். ஹேபிடாட் அமைப்பும் சுவீடனின் மொஜாங் நிறுவனமும் 2012-இல் 'பிளாக் பை பிளாக்' திட்டத்தைத் தொடங்கின. மொஜாங்கின் மைன்கிராஃப்ட் விளையாட்டில் எல்லாமே கட்டிகள். ஒரு கட்டி, பக்கத்துக்கு ஒரு மீட்டர். உண்மையான இடத்தை அதில் அமைத்துக் கொடுத்ததும், அங்கு வாழ்வோர் குழுக்களாக அமர்ந்து மாற்றுகிறார்கள். ஹைட்டியின் லே காய் நகரில், எழுதப் படிக்கத் தெரியாத மீனவர்கள் கடல்நீர் உள்ளே புகாதிருக்க ஒரு சுவரையும், கூடவே பொதுக் கழிப்பறைகளையும் கட்டிக் காட்டினார்கள். கரையில் நாள் முழுதும் உழைப்பவருக்கே அந்தக் கழிப்பறையின் அவசியம் முதலில் தோன்றும்.

இந்தப் பயிலரங்குகளில் ஒரு குழுவுக்கு ஒரே கணினி என்பதில் இன்னொரு நன்மை உண்டு. ஒருவர் வைத்த இருக்கை தள்ளுவண்டிக்கு வழிமறிக்கும் என்று அடுத்தவர் சொன்னால், அங்கேயே பேசித் தீர்த்தாக வேண்டும். கட்டியை நகர்த்தச் செலவில்லை என்பதால் விட்டுக்கொடுப்பதும் எளிதாகிறது.

இனி விதிகளுக்கு வருவோம். எந்த விளையாட்டும் தன் விதிகளுக்குள் ஒரு கொள்கையை வைத்திருக்கிறது. வில் ரைட் உருவாக்கி 1989-இல் வெளியான சிம்சிட்டி என்ற நகர் அமைக்கும் விளையாட்டு, ஆய்வாளர் ஜே ஃபாரஸ்டரின் 1969-ஆம் ஆண்டு நகர மாதிரியிலிருந்து ஊக்கம் பெற்றது. ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவது நகரின் நலிவைக் கூட்டும் என்பது அம்மாதிரி கண்ட முடிவு. அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2013-இல் வந்த சிம்சிட்டியிலோ வாகன நிறுத்துமிடங்கள் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. உண்மை அளவில் காட்டினால் அவையே நகரை நிறைத்துவிடும் என்பதால், நிலத்தடியில் இருப்பதாகக் கொண்டார்கள். ஆடுபவர் இதை நகரின் இயல்பு என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

மைன்கிராஃப்டிலும், கட்டிகளைத் தட்டுப்பாடின்றி வைக்கும் முறையில் ஆடும்போது, நிலத்துக்கு விலையோ உரிமையாளரோ இல்லை. எனவே பயிலரங்கில் ஒவ்வொரு விளக்கின் விலையும், அந்த நிலம் யாருடையது என்பதும் முதலிலேயே சொல்லப்பட வேண்டும். மக்கள் அமைத்ததை வைத்துக் கட்டடக் கலைஞர் வரைந்த இறுதி வரைபடத்தோடு திரும்பும்போது, எந்தக் கட்டி நீக்கப்பட்டது, ஏன் என்பதை வைத்தவரிடமே விளக்க வேண்டும்.