படப்பலகையில் ஓர் இடம்



மத்தேயு நற்செய்தியை வாசித்தபோது சிலர் கண் சொருகியதைக் கவனித்தேன். கோபமில்லை. ஆபிரகாமிலிருந்து இயேசு வரை மூன்று பதினான்கு தலைமுறை, பெயருக்குமேல் பெயர். யாருக்கும் தூக்கம் வரும். ஆனாலும் டிசம்பர் 17 திருப்பலிக்குத் திருச்சபை இந்தப் பட்டியலைத்தான் எடுத்து வைத்திருக்கிறது.

கிறிஸ்து பிறப்புக்கு வெள்ளையடிக்கிற வாரம் இது. நம் ஊர் முள்ளிப்பட்டில் உங்கள் வீட்டுப் படங்களெல்லாம் சுவரைவிட்டு இறங்கி, தறிக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடக்கும். சுவர் காய்ந்ததும் மறுபடி ஆணி அடிப்பீர்கள், சாந்து பெயரும். இந்த வருஷம் ஒரு படப்பலகை செய்து பாருங்களேன்.

மூன்று துண்டு மரம் போதும். சுவரோடு பதிய மூன்று அங்குலப் பட்டி, படம் உட்கார அதே அகலத்தில் இன்னொன்று, வழுக்காமல் தடுக்க முன்னால் ஓர் அங்குல விளிம்பு. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கை குட்டையான ‘ப’. நின்றுபோன தறியின் மரம் கொட்டகையில் கிடந்தால் உளுக்காத துண்டாக எடுத்து இழைத்துக்கொள்ளுங்கள். ஃபெவிகால் தடவி, ஸ்குரூ முடுக்கி, ஒரு ராத்திரி காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வேலை முடிந்தது. சுவரில் ட்ரில் போட்டு பிளக் இறக்குமுன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கண்ணளவை நம்பாதீர்கள், கொத்தனாரே நம்பமாட்டார்.

தச்சுப் பட்டறையில் பேசவேண்டியதை சாமியார் ஏன் கோவிலில் பேசுகிறார்? காரணம் இருக்கிறது. ஆணியில் ஒரு படம்தான் தொங்கும். பலகையில் அப்படியில்லை, கொஞ்சம் நகர்த்தலாம், ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்றைச் சாய்த்து வைக்கலாம். ‘சுவரில் இடமில்லை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. யார் படம் வேண்டுமென்றே எடுக்கப்பட்டது என்பது அப்போது தெரிந்துவிடும்.

வேறு சாதியில் கட்டிக்கொண்டு போன மகளின் படம் எங்கே? குடித்தே அழிந்த தம்பியின் படம்? சில வீடுகளில் குரூப் போட்டோவின் ஓரம் கத்தரியால் வெட்டியிருக்கும். யாரோ ஒருவரின் தோள்மேல் ஒரு கை மட்டும் மிச்சம். அது யாருடைய கை என்று பேரப்பிள்ளைக்குத் தெரியாது.

மறைக்கத் தோன்றும் பெயர்கள்மேல் மத்தேயு கத்தரியை வைக்கவில்லை. மாமனாரிடமே பிள்ளை பெற்ற தாமாரை வைத்திருக்கிறார். எரிகோவின் விலைமகள் இராகாபு இருக்கிறார், மோவாபிலிருந்து வந்த கைம்பெண் ரூத்து இருக்கிறார். சாலமோனின் தாயை மட்டும் பெயர் சொல்லாமல் ‘உரியாவின் மனைவி’ என்கிறார். தாவீது கொல்லச் செய்த கணவன் பெயரை ஏன் அங்கே கொண்டுவர வேண்டும்? அரசர் என்பதற்காக அந்தக் குற்றத்தை மறைக்க மத்தேயுவுக்கு மனமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பட்டியலின் கடைசியில் ஒரு தச்சர். யோசேப்பின் இரத்தத்தில் பிறக்காத பிள்ளை இயேசு. ஊர் என்ன சொல்லும் என்று யோசேப்பும் யோசித்தவர்தான், மரியாவை மறைவாக விலக்கிவிட நினைத்தவர்தான். பிறகு மனைவியை ஏற்றுக்கொண்டார், குழந்தைக்குப் பெயரிட்டார். அதனால்தான் இயேசு தாவீதின் வீட்டுப் பிள்ளையானார்.

யாரையும் விட்டுவிடாத இன்னொரு கணக்கும் விவிலியத்தில் உண்டு. யோசுவாவின் காலத்தில் இஸ்ரயேலர் யோர்தானிலிருந்து பன்னிரண்டு கல் எடுத்துக் கில்காலில் நட்டார்கள், பிற்காலத்தில் பிள்ளைகள் ‘இந்தக் கல் எதற்கு?’ என்று கேட்க வேண்டும் என்பதற்காக. ரூபன், காத்து குலத்தார் ஆற்றுக்கு அந்தப் பக்கமே குடியிருக்கப் போனவர்கள். போகிறவர்கள்தானே என்று அவர்கள் கல்லை விட்டுவிடவில்லை. குலத்துக்கு ஒன்று என்று எண்ணித்தான் எடுத்தார்கள்.

ஜனவரியில் வீடு மந்திரிக்க வருவேன். பலகை கோணலாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டேன். ஒவ்வொரு படத்தையும் காட்டி ‘இது யாரு?’ என்று வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளையைத்தான் கேட்பேன். அதற்குள் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். ஆமென்.