வரிக்குறைப்பும் தர்மமும்

மதுரை மாநகராட்சியில் வணிகக் கட்டடங்கள் பலவற்றின் சொத்து வரி முறைகேடாகக் குறைக்கப்பட்டதென்ற புகார் 2025-ஆம் ஆண்டில் வெடித்து, கைதுகளும் மண்டலத் தலைவர்களின் பதவி விலகலுமாக விரிந்தபோது, குறைத்தவர்களைப் பற்றி எழுந்த பேச்சு, அக்குறைவை அனுபவித்தவர்களைப் பற்றி எழவில்லை. தன் கட்டடத்தின் வரியைக் குறைத்துக்கொள்ள முயல்வது தர்மமா என்ற வினாவை அந்நிகழ்ச்சி ஊரார் எல்லோர் முன்னும் வைத்துவிட்டது. ஆதாரங்களோடு வெளிப்படையாக முறையிடுவது தர்மம். மறைவில் குறைத்துக்கொள்வது களவு. தனக்கு லாபமான பிழையைக் கண்டும் வாய்மூடியிருப்பது அக்களவின் உடன்பிறப்பு என்பதே அதற்கு விடை.

2022 ஏப்ரலில் வந்த சொத்து வரிச் சீராய்வு, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில், 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும் 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடுமாக உயர்வை வகுத்தது. ஆதலால் பதிவேட்டில் பரப்பளவு பிசகினாலும், குடியிருப்பு வணிகமென்று எழுதப்பட்டாலும், அப்பிசகின் பாரம் அரையாண்டுதோறும் குடும்பத்தின்மேல் விழும். பில் கலெக்டர் எழுதியதைத் தலையெழுத்தென்று கொள்ளாமல், கிரயப் பத்திரத்தோடும் அனுமதி பெற்ற வரைபடத்தோடும் பழைய ரசீதுகளோடும் ஒப்பிட்டு, மனுக் கொடுப்பதும் மேல்முறையீடு செய்வதும் பிரஜையின் கடமையேயாகும். ஆராயாது அளித்த தீர்ப்பை மறுக்க, அதே மதுரையில், மற்றொரு சிலம்பைச் சாட்சியாக ஏந்தி அரசவைக்கே நேராகச் சென்றவள் சிலப்பதிகாரத்துக் கண்ணகி. அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு வயலும் யானைக்குப் பல நாள் உணவாகுமென்றும், யானையே வயலுட் புகுந்தால் உண்பதினும் மிதித்தழிப்பதே மிகுதியென்றும் புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு உரைத்த பிசிராந்தையார், வரிக்கு அளவுண்டென்பதை அரசனுக்கே நினைவூட்டியவர்.

ஆனால் அளவு அரசனுக்கும் குடிக்கும் பொது. வள்ளுவர் அரசனுக்குரிய செங்கோன்மையைப் பொருட்பாலில் வைத்தார். நடுவுநிலைமையையோ இல்லறவியலில் வைத்து இல்லத்தானுக்கே உரியதாக்கினார். கள்ளாமையைத் துறவறவியலில் வைத்து, பிறர் பொருளைக் கவர எண்ணும் எண்ணத்தையே குற்றமாகக் கண்டார். மேல்மாடி எழுப்பியதை மறைப்பவரும், கடைக்கு வாடகை வாங்கிக்கொண்டு வீட்டு வரி கட்டுபவரும் அரசாங்கத்தை ஏய்த்ததாகவே எண்ணி மகிழ்கின்றனர். குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் செலவு அதனால் குறைவதில்லையாகையால், அவர்கள் செலுத்தாத பங்கைச் சுமப்பவர், நேர்மையாகக் கணக்குக் காட்டிய அண்டை வீட்டார் அல்லரோ?

பிழையைக் கண்டுபிடிப்பது அதிகாரியின் வேலை, வீட்டுக்காரர் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை என்பாரும் உளர். உண்மையைச் சொன்னால் வரி கூடுமென்று அஞ்சும், ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் முதியவரின் இடுக்கண் இரக்கத்துக்குரியதுதான். ஆயினும் இரக்கத்தைச் சலுகையாகக் கேட்டுப் பெறலாம், பொய்க்கணக்காக எழுதிக்கொள்ளலாகாது.

ஆகவே வரிச்சீட்டு வந்தவுடன் ஒவ்வொருவரும் தம் வீட்டைத் தாமே அளந்து பார்ப்பாராக. கூடுதலாக விதித்திருந்தால் குறைக்கக் கேட்பாராக. குறைவாக விதித்திருந்தால் கூட்டக் கேட்பாராக. பின்னதைக் கேட்க மனமில்லாதவருக்கு முன்னதைக் கேட்கச் சட்டம் இடந்தரும், அறம் இடந்தராது.